ஒன்பதாம் பகுதியில் நான் திருத்திய புறப்பாடு

செக்கிங் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் வசந்தாவின் வணக்கம். உங்களுக்காக என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லி நம் ஸ்டுடியோவிலிருந்து ஒரு பெண் போன் செய்தபோது, இதில் ஏதோ உள்நோக்கம் இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவளை இவ்வளவு நாள் கழித்து எதற்குத் தேட வேண்டும்? பழைய ஃபைல் எதையாவது காணோமா? யாரோ செய்த தப்பு என் தலையில் விடிந்திருக்கிறதா? இரண்டு நாள் யோசித்துவிட்டு அந்தப் பெண்ணை நானே திரும்ப அழைத்தேன்.

"நெஜமாவே எழுதத்தான் கேக்கறீங்களா?"

"ஆமாங்க மேடம், வேற எதுக்குக் கேக்கப் போறோம்?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் நான் முழுசாக நம்பவில்லை.

என் சுபாவம் அப்படி. காந்தி மார்க்கெட்டிலிருந்து என் கணவர் கத்தரிக்காய் வாங்கி வந்தால், ஒவ்வொன்றையும் நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கூடையில் போடுவேன். "இதுக்கும் கையெழுத்துப் போட்டுத் தருவியா?" என்று கேட்பார். தில்லை நகரில் அந்த மூன்றாம் மாடியில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்து, முன் காட்சியில் சட்டையில் ஐந்து பொத்தான் இருந்ததே, அடுத்ததில் ஏன் நாலு என்று தேடிக்கொண்டிருந்தவளுக்குக் கத்தரிக்காய் மேல் மட்டும் எப்படி நம்பிக்கை வரும்? நம் வேலையே சந்தேகப்படுவதுதான். அதை எப்படிச் செய்வது என்று உங்களுக்கு அங்கேயே சொல்லித் தந்துவிடுவார்கள். எங்கே நிறுத்துவது என்பதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் சர்வீஸில் பாதி, ராட்சத ரோபோக்களோடு கழிந்தது. ஜப்பானிய அனிமே தொடர்களுக்கு இங்கே திருச்சியில் படம் வரைந்து கொடுத்தோம். ஊரை அழிக்க வாராவாரம் ஏதோ ஒன்று வரும். சைரன் அலறும். ரோபோவை ஓட்டும் பெண் ஓடி வந்து இருக்கையில் உட்காருவாள், பெல்ட்டை மாட்டுவாள், ஹெல்மெட்டைப் போடுவாள், இரும்புக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும், ரோபோ மேலே எழும்பி வரும். முப்பத்தெட்டு விநாடி. எல்லா வாரமும் அதே படங்கள், அதே வரிசை. நம் ஆபீஸில் இதற்குப் 'புறப்பாடு' என்று பெயர். வேலை செய்பவர்களில் பாதிப் பேர் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள், பெருமாள் புறப்பாட்டுக்கு நேரம் பார்த்துப் பழகியவர்கள், வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

அந்தப் புறப்பாட்டை நான் மதித்ததே இல்லை. ஒரு தடவை வரைந்ததை ஐம்பது தடவை காட்டிக் குழந்தைகளை ஏமாற்றுகிறார்கள் என்பது என் முடிவு. பதினொரு வருடம் பார்த்தும், அந்தக் குழந்தைகள் ஏன் அந்த முப்பத்தெட்டு விநாடிக்காகவே காத்திருந்தார்கள் என்று நான் யோசித்ததில்லை.

ஜெசிந்தா யோசித்திருக்கிறாள்.

ஜெசிந்தா நம் ஊர் பாலக்கரைப் பெண். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். எங்களிடம் ரோபோ வரைகிற வேலையில் சேர்ந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. வாய் அதிகம் பேசாது, கை நிற்காது. ஒருநாள் முதலாளியிடம் போய், அடுத்தவர்களுக்கு வரைந்து கொடுத்தது போதும், நாமே பன்னிரண்டு பகுதியில் ஒரு அனிமே செய்யலாம் என்று சொல்லி, எப்படியோ அவரைச் சம்மதிக்கவும் வைத்துவிட்டாள். காதல் கதை, அதுவும் நம் ஊரிலேயே நடக்கிற கதை. கயல் என்று ஒரு பெண், ஸ்ரீரங்கத்திலிருந்து தில்லை நகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்கு வருகிறாள். அதே கடையின் மாடியில் தினேஷ் என்ற பையன் லென்ஸ் தேய்க்கிறான். இருவருக்கும் பிடித்திருக்கிறது, இருவரும் சொல்லவில்லை. இவ்வளவுதான் கதை.

முதல் பகுதி என் மேஜைக்கு வந்தது. காலையில் குக்கர் விசில் அடிக்கிறது. கயல் ஓடி வந்து ஆணியிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுக்கிறாள். துப்பட்டாவில் ஊக்குக் குத்துகிறாள். ஹெல்மெட்டை மாட்டி, பெல்ட்டை டக்கென்று பூட்டி, முகத்தை மூடும் கண்ணாடியைக் கீழே இறக்குகிறாள். அபார்ட்மெண்ட் கேட் திறக்கிறது. ஸ்கூட்டர் சரிவில் ஏறிக் காவிரிப் பாலத்துக்கு வருகிறது. இதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே!

பீரோவிலிருந்து பழைய ரோபோத் தொடரின் தாள்களை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சைரன் இருந்த இடத்தில் குக்கர் விசில். இரும்புக் கதவு இருந்த இடத்தில் அபார்ட்மெண்ட் கேட். கால், கை, பெல்ட், ஹெல்மெட், கதவு, ஏற்றம். விநாடிக் கணக்கு வரைக்கும் அதே முப்பத்தெட்டு. பெண் திருடியிருக்கிறாள் என்று முடிவு கட்டினேன்.

இப்போது கவனியுங்கள். ஜெசிந்தாவின் மேஜை என் மேஜையிலிருந்து பத்தடி. எழுந்து போய், "என்னம்மா இது?" என்று கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகி ஏதாவது சமாளித்துவிடுவாள் என்று நினைத்தேன். இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு நேரே முதலாளி அறைக்குப் போனேன்.

அவர் பார்த்ததும் வெலவெலத்துப் போனார். "ஜப்பான்காரங்க கேஸ் போட்டா என்னங்க மேடம் பண்றது?" என்று என்னைக் கேட்டார். ஜெசிந்தாவைக் கூப்பிட்டார். அவள் வந்து இரண்டு தாளையும் பார்த்தாள். முகத்தில் பயம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"ஆமாங்க சார், அங்கேருந்துதான் எடுத்தேன்," என்றாள். "படத்தை எடுக்கலை. வரிசையை எடுத்தேன். ரோபோ கதையை எப்படிக் கட்டறாங்களோ அப்படியே ஒரு காதல் கதையைக் கட்டிப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை."

"ரோபோவுக்கும் காதலுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"சார், சின்ன வயசுல ரோபோ பாக்கும்போது எனக்கு ஒரே கோவமா வரும். கடைசில பெரிய கத்திய எடுத்து ஒரே வெட்டுல முடிக்கறாங்களே, அதை முதல் நிமிஷமே எடுத்தா என்னன்னு. அப்புறம்தான் பாத்தேன், நல்ல தொடர்ல அந்தக் கத்திய எடுத்தா ஓட்டறவ கை வெந்து போகும். அதனாலதான் எடுக்காம இருக்கா. மட்டமான தொடர்ல காரணமே இருக்காது, கடைசி நிமிஷம் வந்தாத்தான் ஞாபகம் வரும். காதல் கதையிலயும் அதே கதைதான் சார். 'உன்னைப் பிடிச்சிருக்கு'ன்னு சொல்றதுதான் அந்தக் கத்தி. சொல்ல வரும்போது போன் அடிக்கும், மழை வரும், யாராவது கதவைத் தட்டுவாங்க. அப்படியே பன்னெண்டு எபிசோடு ஓட்டுவாங்க. அது ஏமாத்து வேலை. கயல் சொன்னா அவளுக்கு என்ன போகும்னு நமக்குத் தெரியணும். அவன் இல்லன்னுட்டா அந்தக் கடையில அவளால வேலை பாக்க முடியாது. வேலை போச்சுன்னா வீட்ல உடனே மாப்பிள்ளை பாத்துருவாங்க. கை வேகும் சார். அதான் வாயத் தொறக்க மாட்டேங்கறா."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்துக்கொண்டேன்.

"அடிபட்டா அடிபட்டதுதான், அதுவும் அங்கேருந்து எடுத்ததுதான்," என்று அவள் தொடர்ந்தாள். "மூணாவது வாரம் ரோபோவுக்குத் தோள்ல விரிசல் விட்டா, எட்டாவது வாரமும் அந்த விரிசல் இருக்கும். காதல் தொடர்ல அப்படியா? இந்த வாரம் அழுது சண்டை போடுவாங்க, அடுத்த வாரம் ஒண்ணுமே நடக்காத மாதிரி காபி குடிப்பாங்க. நம்ம கதையில அப்படி விடக் கூடாது."

"அது சரிம்மா. இந்தப் புறப்பாடு எதுக்கு? தினமும் வண்டிய எடுக்கறதையே எதுக்குக் காட்டணும்?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அது போகப் போகத் தெரியும் சார்," என்று முடித்துக்கொண்டாள். எதையோ மறைக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. உண்மைதான், மறைத்தாள். நான் அந்த அறையில் இருந்ததால் மறைத்தாள்.

வெளியே வரும்போது என் பக்கம் திரும்பி, "என்கிட்டயே கேட்டிருக்கலாமே மேடம்," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. முதலாளி தொடரைத் தொடரச் சொன்னார், ஆனால் ஒரு நிபந்தனையோடு: ஒவ்வொரு பகுதியையும் வசந்தா மேடம் வரி வரியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். என்னைக் காவலுக்கு வைத்தார். எனக்கு அது பெருமையாகவும் இருந்தது, மறைக்க விரும்பவில்லை. அன்றைக்குப் பிறகு ஜெசிந்தா என் மேஜைப் பக்கம் பேச வந்ததில்லை. தாள்கள் மட்டும் வரும்.

வந்த தாள்கள் நன்றாக இருந்தன. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ரோபோத் தொடருக்கு எந்த இடத்தில் எந்த வாரம் அடிபட்டது என்று ஒரு பட்டியல் என் மேஜையில் ஒட்டியிருக்கும், பார்த்துப் பார்த்துச் சரிபார்ப்பேன். ஜெசிந்தா கயலுக்கும் அப்படி ஒரு பட்டியல் போட்டு அனுப்பியிருந்தாள். மூன்றாம் பகுதியில் கயல், தினேஷின் முகம் எப்படிப் போகிறது என்று பார்ப்பதற்காக, ஞாயிற்றுக்கிழமை தன்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று ஒரு பொய் சொல்வாள். அவன் "நல்லதுங்க" என்று சொல்லிவிட்டு மிஷின் பக்கம் திரும்பிக்கொள்வான். பட்டியலில் எழுதியிருந்தது: 'மூன்றிலிருந்து, அவன் இவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.' நாலு, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒவ்வொன்றிலும் தேடினேன். ஒரு இடத்திலாவது மறந்துபோய் 'கயல்' என்று கூப்பிட்டுவிடுவான், பிடித்துவிடலாம் என்று பார்த்தேன். ஒரு இடத்திலும் இல்லை. ஒரு பொய் சொல்லிவிட்டு ஒரு பெண் ஐந்து வாரம் படுகிற பாட்டைப் பார்த்து, எட்டாம் பகுதியில் பேனாவை மூடி வைத்துவிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதும் அவளிடம் போய் ஒரு வார்த்தை நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. இதற்குள் வேறு எதையோ ஒளித்து வைத்திருக்கிறாள் என்ற எண்ணம் மட்டும் போகவில்லை.

ஒன்பதாம் பகுதி முடிகிற சமயம், சென்னையிலிருந்து ஓடிடி நிறுவனத்துக்காரர்கள் வருவதாகத் தகவல் வந்தது. எட்டு பகுதிகளை முன்பே பார்த்துவிட்டார்கள். ஒன்பதைப் பார்த்துவிட்டு, மீதி மூன்றைச் செய்யலாமா, தொடரை எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு சொல்வார்கள். வேண்டாம் என்றால் முதலாளி அன்றைக்கே தொடரை மூட்டை கட்டிவிட்டு ஜெசிந்தாவை மறுபடி ரோபோ வரைய உட்கார வைத்துவிடுவார். இது எல்லாருக்கும் தெரியும், ஜெசிந்தாவுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த வாரம் பார்த்து அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். இரண்டு நாள் லீவு. ஒன்பதாம் பகுதித் தாள்களை என் மேஜையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

வழக்கம்போலப் புறப்பாட்டிலிருந்து ஆரம்பித்தேன். விசில், சாவி, துப்பட்டா, ஹெல்மெட், பெல்ட். அடுத்தது முகக் கண்ணாடி கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை. கயல் அதை மேலேயே விட்டுவிட்டுக் கிளம்புகிறாள். ஒன்று முதல் எட்டு வரை எடுத்து வைத்துப் பார்த்தேன். எட்டிலும் இறங்கியிருக்கிறது. அடுத்த காட்சியைப் பார்த்தேன். தினமும் கயல் கடை வாசலில் வண்டியை நிறுத்தும்போது தினேஷ் மாடி ஜன்னலிலிருந்து பார்ப்பான். அவனுக்குத் தெரிவது மூடிய ஹெல்மெட் மட்டும்தான். இந்தப் பகுதியில் அங்கேயும் கண்ணாடி மேலே இருந்தது. ஒரு தப்பு இரண்டாவது காட்சிக்கும் தொடர்ந்திருக்கிறது என்று எழுதிக்கொண்டேன்.

தாளின் ஓரத்தில் பச்சைப் பென்சிலில் ஜெசிந்தாவின் கையெழுத்தில் 'வேண்டுமென்றே' என்று இருந்தது.

அந்த வார்த்தையை நீங்களும் தினமும் பார்ப்பீர்கள். வழக்கத்திலிருந்து ஒன்றைத் தெரிந்தே மாற்றினால், வரைபவர்கள் அப்படிப் பச்சையில் எழுத வேண்டும் என்பது நம் ஸ்டுடியோ வழக்கம். ஆனால் மோதிரத்தை வரைய மறந்தவன், மீசையை விட்டுவிட்டவன், எத்தனையோ பேர் பிறகு வந்து அந்த வார்த்தையை எழுதித் தப்பித்திருக்கிறார்கள். இவளும் லீவுக்குப் போகிற அவசரத்தில் மறந்துவிட்டு, சமாளிக்க எழுதியிருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். என் கையில் போன் இருந்தது. ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அவள் என்ன சொன்னாலும் நான் நம்பப் போவதில்லை, அதனால் கேட்கவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதே வார்த்தை ஜப்பானிலிருந்து வந்த தாளில் இருந்திருந்தால், மறுபேச்சில்லாமல் டிக் போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போயிருப்பேன். பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கிற பாலக்கரைப் பெண் எழுதியதால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

சிவப்புப் பேனாவால் அந்த வார்த்தையை அடித்தேன். 'தவறு. முந்தைய எட்டின்படி மாற்றவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பழைய புறப்பாடு தயாராக இருந்ததால் மாற்றுவதற்கு அரை நாள்கூட ஆகவில்லை. செக்கிங் கையெழுத்து விழுந்த பகுதியை மறுபடி யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஜெசிந்தாவும் திரும்பி வந்து பார்க்கவில்லை. என்மேல் அவளுக்கு வருத்தம் இருந்தது, ஆனால் என் கையெழுத்தை நம்பினாள்.

திரையிடல் காலை பதினொரு மணிக்கு. சென்னையிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள், நோட்டுப் புத்தகத்தோடு ஒரு அம்மாளும் லேப்டாப்போடு ஒரு இளைஞரும். முதலாளி, ஜெசிந்தா, நான். கதவைச் சாத்தினார்கள்.

விசில், சாவி, துப்பட்டா, ஹெல்மெட், பெல்ட். கண்ணாடி இறங்கியது. ஜெசிந்தா நாற்காலியில் முன்னால் வந்தாள். அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. பாலம் போனது. கடை வாசலில் ஸ்கூட்டர் நின்றது. மூடிய ஹெல்மெட் மாடியை அண்ணாந்து பார்த்தது. மாடியில் தினேஷ் மிஷினை அப்படியே நிறுத்திவிட்டு, படிகளில் தடதடவென்று ஓடி வருகிறான். எட்டு பகுதிகளாக மாடியை விட்டு அவன் இறங்கியதே இல்லை.

அந்த அம்மாள் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். "ஒரு நிமிஷம். இவன் எதுக்கு இப்படி ஓடி வரான்? வண்டியில எதாவது ஆயிடுச்சா?"

முதலாளி ஜெசிந்தாவைப் பார்த்தார். அந்த அம்மாள் விடவில்லை.

"எட்டு எபிசோடா பொத்திப் பொத்திக் கொண்டு வந்தீங்க. இங்க திடீர்னு இறங்கி வரான். எதைப் பாத்து? ஹெல்மெட்டைப் பாத்தா?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எட்டு பகுதியாக மூடிய முகத்தோடு வந்தவள், ஒன்பதாவதில் முகத்தைக் காட்டிக்கொண்டு வருகிறாள். வாயைத் திறக்காமலே சொல்லிவிட்டாள். அதைப் பார்த்துத்தான் அவன் ஓடி வருகிறான். பார்ப்பவர்களுக்கும் யாரும் விளக்க வேண்டாம், எட்டு தடவை அந்தக் கண்ணாடி இறங்கியதைப் பார்த்துப் பழகியவர்கள். புறப்பாடு எதற்கு என்ற முதலாளியின் கேள்விக்கு இதுதான் பதில். தொடர் முழுக்க அந்த ஒரு விநாடிக்காகக் கட்டப்பட்டிருந்தது. அந்த விநாடியைத்தான் நான் திருத்தியிருந்தேன்.

ஜெசிந்தா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். புரிந்துகொண்டாள். என் புத்தி அந்த நேரத்திலும் எப்படி வேலை செய்தது தெரியுமா? இவள் ஏன் பேசாமல் இருக்கிறாள், எல்லார் முன்னாலும் என்னை மாட்டிவிட நேரம் பார்க்கிறாளோ என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். பிறகு பார்த்தேன், அவள் என்னை மறந்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சின்ன எடிட்டிங் விஷயங்க, சரி பண்ணிடலாம்," என்று முதலாளி சிரித்தார். ஜெசிந்தா என் பக்கம் திரும்பியதிலேயே அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும், என்னைப் பார்த்து, பேசாதீர்கள் என்று கண்ணைக் காட்டினார். செக்கிங் தலைவியே தப்பு செய்தாள் என்று தெரிந்தால் ஸ்டுடியோ பெயர் கெட்டுவிடும் என்பது அவர் பயம். அந்த அம்மாள் நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டார். மூடிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

எழுந்து நின்றேன். "தப்பு என்னோடதுங்க. டைரக்டர் சரியாத்தான் பண்ணியிருந்தாங்க. நான்தான் மாத்தினேன். பழையது இருக்கு, போடச் சொல்றேன்."

நல்லவேளையாக, மாற்றிய பகுதியின் பழைய பதிப்பை ஒரு வாரத்துக்கு அழிப்பதில்லை. போட்டார்கள். கயல் கண்ணாடியை இறக்காமல் கிளம்பினாள். பாலத்தில் காற்று அவள் முகத்தில் அடித்தது. கடை வாசலில் அண்ணாந்து பார்த்தாள். அவன் ஓடி வந்தான். அந்த இளைஞர் லேப்டாப்பிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

ஆனால் சந்தேகப்படுவதில் அந்த அம்மாள் என்னைவிடப் பெரிய ஆளாக இருந்தார். "நாங்க வர்றதுக்கு முன்னாடியே இது இருந்துச்சா? நாங்க கேப்போம்னு கையில ஒண்ணு வச்சிருந்து இப்பக் காட்டறீங்களா? இந்தப் பொண்ணுக்கு முதல்லயே இது தெரியும்னு நான் எப்படிங்க நம்பறது? மீதி மூணையும் இவங்களை நம்பித்தான் குடுக்கப் போறோம்."

எந்த ஊரிலும் இந்தச் சுபாவத்துக்கு ஆள் இருக்கத்தான் செய்கிறார்கள். அவரை என்னால் குறை சொல்ல முடியவில்லை. நான் போய் ஒன்பதாம் பகுதித் தாளை எடுத்து வந்து அவர் முன்னால் விரித்தேன். பச்சையில் ஜெசிந்தாவின் வார்த்தை. அதன்மேல் என் சிவப்புக் கோடு, 'தவறு', என் கையெழுத்து, தேதி. இருபத்திரண்டு வருடத்தில் என் கையெழுத்தை நானே ஒருவரிடம் கொண்டுபோய், இது பிசகு என்று காட்டியது அன்றுதான். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

அவர் தாளைக் கையில் எடுத்து நிதானமாகப் படித்தார். "இவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேங்க," என்றார். ஜெசிந்தா முன்பே சொன்ன அதே வார்த்தை.

அடுத்த வாரம் சம்மதம் சொல்லிக் கடிதம் வந்தது. ஆபீஸில் எல்லாருக்கும் ஸ்வீட் கொடுத்தார்கள். ஜெசிந்தா டப்பாவோடு என் மேஜைக்கு வந்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து, நான் எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மேடம், எல்லார் முன்னாடியும் சொன்னீங்களே, அதை மறக்க மாட்டேன்," என்றாள். பிறகு கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். "ஆனா மீதி மூணும் நீங்க பாக்க வேணாம். சார்கிட்ட சொல்லிட்டேன்."

"வேற யாரும்மா பாக்கறது?"

"நானே பாத்துக்கறேன்."

"அவங்கவங்க தப்பு அவங்கவங்க கண்ணுக்குத் தெரியாதும்மா. எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் தெரியாது."

"தெரியாமப் போகட்டும் மேடம். தப்பாவே இருந்தாலும் என்னோட தப்பா இருக்கட்டும்."

பத்தும் பதினொன்றும் பன்னிரண்டும் என் மேஜைக்கு வரவில்லை. எட்டு மாதத்தில் நான் ஓய்வு பெற்றேன். தொடர் வெளிவந்தபோது, அம்மா மண்டபம் ரோட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மற்றவர்களைப் போல உட்கார்ந்து பார்த்தேன். பதினோராம் பகுதியில் கயல் பாலத்தில் போகும்போது கைக்கடிகாரம் இடது கையில் இருக்கிறது. கடையில் இறங்கும்போது வலது கையில் இருக்கிறது. என் கணவரை நிறுத்தச் சொல்லிவிட்டு மூன்று தடவை திரும்ப ஓட்டிப் பார்த்தேன். தப்பா, வேண்டுமென்றே செய்ததா? எப்படி யோசித்தாலும் இரண்டுக்கும் காரணம் இருக்கிற மாதிரியே தெரிந்தது.

போனை எடுத்து ஜெசிந்தாவின் பெயர் வரைக்கும் போனேன். 'ஏம்மா இப்படி?' என்று இரண்டே வார்த்தை. அன்றைக்கு அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டிருந்தால் ஒரு நிமிடம் ஆகியிருக்கும், அவளும் சந்தோஷமாகச் சொல்லியிருப்பாள். கேட்க வேண்டிய நாளில் கேட்காதவள் இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? போனைக் கீழே வைத்துவிட்டேன். அந்தக் கடிகாரம் ஏன் கை மாறியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.